ஸ்கேட்டிங் வீரரின் தொடைக்கு சென்சார்... சிவகாசி தொழிலாளியின் தோளுக்கு?

2025 செப்டம்பர். சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில், 1,000 மீட்டர் ஸ்பிரின்ட்டை 1 நிமிடம் 24.924 விநாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார் தமிழகத்தின் ஆனந்த்குமார் வேல்குமார். இந்த விளையாட்டில் இந்தியாவுக்கு வந்த முதல் உலக சாம்பியன் பட்டம் அது. அதே தொடரில் 500 மீட்டரில் வெண்கலமும், 42 கி.மீ. மாரத்தானில் இன்னொரு தங்கமும் அவருக்குக் கிடைத்தன.

ரோலர் ஸ்கேட்டிங்கைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்கு இதில் இருக்கும் ஆச்சரியம் சட்டென்று புரியாது. தடகளத்தில் 400 மீட்டர் ஓடுபவர் மாரத்தான் பக்கம் எட்டிக்கூட பார்க்க மாட்டார். இங்கே 43 விநாடியில் முடிகிற பந்தயத்துக்கும், ஒரு மணி நேரம் போல நீள்கிற பந்தயத்துக்கும் ஒரே ஜோடி கால்கள். அப்படியென்றால் அந்தக் கால்கள் எப்போது களைக்கின்றன, எவ்வளவு களைக்கின்றன, மறுநாள் காலைக்குள் தேறுமா என்பதெல்லாம் யூகத்துக்கு விடக்கூடிய விஷயம் இல்லை. அளந்தாக வேண்டும். உலகம் முழுக்க ஸ்பீடு ஸ்கேட்டிங் பயிற்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, இதற்கும் விருதுநகர் மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? ஸ்கேட்டிங் டிராக் எதுவும் காரணம் இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. அவற்றில் தரையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவர்கள் ஏராளம். அவர்களுடைய தசையும் அதே தசைதான். அது களைத்துப்போனால் விளையாட்டில் ஒரு பதக்கம் போகும். இங்கே போவது வேறு.

தொடைக்குள் என்ன நடக்கிறது?

ஸ்பீடு ஸ்கேட்டர் நிற்கும் கோலத்தைக் கவனியுங்கள். முதுகு தரைக்கு ஏறக்குறைய இணையாக, முட்டி நன்றாக மடங்கி, கிட்டத்தட்ட நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. காற்றின் எதிர்ப்பைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதற்கு விலை உண்டு. விறைத்து நிற்கும் தொடைத் தசை, தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நெருக்கிவிடுகிறது. வேலை அதிகம் செய்கிற நேரத்தில்தான் ஆக்சிஜன் வரத்தும் குறைகிறது. ஓட்டக்காரருக்கும் சைக்கிள் வீரருக்கும் ஒவ்வொரு அடிக்கும் நடுவே தசை நன்றாகத் தளர்ந்து ரத்தம் பாய வாய்ப்பு கிடைக்கும். ஸ்கேட்டருக்கு அந்த இடைவெளி ரொம்பக் குறைவு.

களைப்பு வந்ததும் முதலில் தெரிவது முட்டியில்தான். வீரர் தன்னை அறியாமலே கொஞ்சம் நிமிர்வார். நிமிர்ந்தால் காற்று அடிக்கும், வேகம் இறங்கும். கேலரியில் இருக்கும் பயிற்சியாளர் "குனி, குனி" என்று கத்துவது இதனால்தான். ஆனால் கத்தி என்ன பயன்? தசை சொல்வதைக் கேட்கும் நிலையில் இல்லை.

இங்கே ஒரு பழைய தவறான நம்பிக்கையையும் ஒதுக்கிவிடலாம். "லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு, அதான் வலி" என்று ஜிம்மில் எல்லோரும் சொல்வார்கள். லாக்டேட் விஷம் இல்லை. உடல் அதை எரிபொருளாகவும் பயன்படுத்துகிறது. தசைக்குள் பாஸ்பேட் சேர்வது, சுருங்குவதற்குத் தேவையான கால்சியம் சரியாக வெளிவராமல் போவது, மூளையும் தண்டுவடமும் அனுப்பும் கட்டளையே பலவீனமாவது என்று பல காரணங்கள் சேர்ந்ததுதான் களைப்பு. லாக்டேட்டை இன்றும் அளக்கிறார்கள். காது மடலிலோ விரல் நுனியிலோ ஒரு துளி ரத்தம் போதும், சர்க்கரை பார்ப்பது போலத்தான். ஆனால் அது உழைப்பின் தீவிரத்தைக் காட்டும் முள்தான். குற்றவாளி அது இல்லை.

ஆக்சிமீட்டரின் அண்ணன்

கரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் நினைவிருக்கிறதா? சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ஆக்சிஜன் உள்ள ரத்தம் எவ்வளவு, இல்லாதது எவ்வளவு என்று கணக்குப் போடும். அதே லாஜிக்கில் இயங்கும் ஒரு கருவியைத்தான் ஸ்கேட்டரின் தொடையில் கட்டுகிறார்கள். அண்மை அகச்சிவப்பு ஒளி தோலைத் தாண்டித் தசைக்குள் போகும். வீரர் குனிந்த நிலையில் சறுக்கும்போது ஆக்சிஜன் அளவு சரிவதும், கொஞ்சம் நிமிர்ந்தால் அந்தச் சரிவு குறைவதும் திரையில் கோடாகத் தெரியும். வளைவான சிறு தளத்தில், எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பி ஓடும் ஷார்ட் டிராக் வீரர்களிடம் அளந்தபோது, இரண்டு தொடைகளும் ஒரே மாதிரி களைக்கவில்லை என்பதும் தெரியவந்தது. உடம்பு மொத்தமாக "களைத்தது" என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கால், எந்தத் தசை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழி மின்தசை வரைபடம். சுருங்கும் தசையில் எழும் நுண்ணிய மின்சாரத்தைத் தோலின் மேல் ஒட்டிய பட்டைகள் பிடிக்கும். களைக்கக் களைக்க அந்தச் சமிக்ஞையின் அலைவரிசை கீழே இறங்கும். அதே வேலையைச் செய்ய அதிக நார்கள் சேர்க்கப்படுவதால் உயரம் கூடும். லோடு ஏற்றிய லாரி மேட்டில் ஏறும்போது இன்ஜின் சத்தம் அடித்தொண்டைக்கு இறங்கி உறுமுமே, கிட்டத்தட்ட அப்படி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் இவை எதையும் கொண்டுபோக முடியாது. செல்போனுக்கே அங்கே அனுமதி இல்லை. பருத்தி உடை, தரையில் ரப்பர் விரிப்பு என்று நிலைமின்சாரத்துக்கே பயப்படும் இடத்தில், பேட்டரியும் வயரும் உள்ள கருவியை ஒருவர் தோளில் ஒட்டிவிட்டு மருந்து செலுத்தச் சொல்வது பைத்தியக்காரத்தனம். அப்போ கதை இங்கேயே முடிந்ததா?

ஒரு கேள்வி, ஒரு பெருக்கல்

இல்லை. ஸ்பீடு ஸ்கேட்டிங் உலகத்தில் புழங்கும் மிகப் பயனுள்ள களைப்பு அளவீட்டுக்குக் கருவியே தேவையில்லை.

ஸ்வீடனின் உளவியலாளர் குன்னர் போர்க், ஒருவர் தன் உழைப்பைத் தானே எண்ணால் சொல்லும் அளவுகோலை உருவாக்கினார். அதை எடுத்து, பயிற்சிச் சுமையைக் கணக்கிடும் எளிய முறையாக மாற்றியவர் அமெரிக்க உடலியல் நிபுணர் கார்ல் ஃபோஸ்டர். ஸ்பீடு ஸ்கேட்டர்களுடன் நெடுங்காலம் வேலை செய்தவர். முறை இதுதான்: பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து வீரரிடம், "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் 0 முதல் 10 வரை ஓர் எண். அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்க வேண்டும். 90 நிமிடப் பயிற்சிக்கு வீரர் 7 என்று சொன்னால் அன்றைய சுமை 630.

அட, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்த எண்ணை நாள்தோறும் எழுதி வைத்தால், வாரம் முழுக்கச் சுமை கூடுகிறதா, கடினமான நாளுக்குப் பின் எளிய நாள் வருகிறதா, இல்லை எல்லா நாளும் ஒரே மாதிரி கனமாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இந்தக் கடைசி வகையைத்தான் ஃபோஸ்டர் ஆபத்தான அறிகுறியாகப் பார்த்தார். சுமை அதிகமாக இருப்பதோடு, மாற்றமே இல்லாமல் ஒரே சீராகவும் இருந்தால் உடம்பு தேறுவதற்கு வழியே கிடைக்காது.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் நில்ஸ் வான் டெர் போல், போட்டி முடிந்ததும் தன் பயிற்சிக் குறிப்புகளை உலகத்துக்கே வெளியிட்டார். 10,000 மீட்டரில் 12:30.74 என்று உலக சாதனை படைத்தவர். வெறித்தனமான பயிற்சி, சந்தேகமே இல்லை. ஆனால் அட்டவணையில் ஐந்து நாள் உழைப்பு, இரண்டு நாள் ஓய்வு. அந்த இரண்டு நாளும் பயிற்சியின் ஒரு பகுதி என்றுதான் அவர் எழுதினார்.

இப்போது இதைப் பட்டாசு ஆலைக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 8 மணி நேரம் என்றால் 480 நிமிடம். ஒருவர் தன் வேலைக்கு 6 மதிப்பெண் கொடுத்தால் 2,880. விளையாட்டு எண்ணோடு இதை நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியில்லை. ஒன்று நெருப்பாய் எரியும் உழைப்பு, இன்னொன்று கங்குபோல நீளும் உழைப்பு. ஆனால் அதே தொழிலாளியின் ஆனி மாத எண்ணையும் தீபாவளிக்கு முந்தைய வாரத்து எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே. அது ஒப்பிடக்கூடியதுதான்.

கந்தகச் சுரங்கத்தில் தொடங்கிய கதை

தசைக் களைப்பை முதன்முதலில் முறையாக அளந்த கருவிகளில் ஒன்று, இத்தாலியின் துரின் நகரப் பேராசிரியர் ஆஞ்சலோ மோசோ செய்த எர்கோகிராஃப். கையை அசையாமல் கட்டிவிட்டு, நடுவிரலால் மட்டும் எடையை மறுபடி மறுபடி இழுக்க வைப்பார். விரல் தளரத் தளரக் கோடு சிறுத்துக்கொண்டே போகும். மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த சக பேராசிரியரின் விரல்கூட வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஓய்ந்துபோனதை அவர் பதிவு செய்தார். மனச்சோர்வும் விரலில் தெரியும் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி.

1891-ல் மோசோ வெளியிட்ட களைப்பு பற்றிய நூலில், சிசிலித் தீவின் கந்தகச் சுரங்கங்களில் சுமை தூக்கும் சிறுவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஆக, ஆய்வகத்தில் விரலை அளந்த அதே மனிதர், அந்த அளவீடு யாருக்குத் தேவை என்பதையும் பார்த்துவிட்டார். கந்தகம் என்றதும் கருமருந்து நினைவுக்கு வராதவர் சிவகாசியில் இருக்க முடியாது.

அடுத்த கட்டம் இன்னும் நெருக்கமானது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிபொருள், குண்டுத் தொழிற்சாலைகளில் பெண்கள் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். போர் அவசரம், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை. உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. 1915-ல் அரசு ஒரு குழு அமைத்தது. அதில் ஆய்வு செய்த வெர்னான் என்ற உடலியலாளர், மணிநேரத்தைக் குறைத்த இடங்களில் மொத்த உற்பத்தி சரியவில்லை, சில இடங்களில் கூடவும் செய்தது என்று எண்களோடு காட்டினார். நீண்ட ஷிஃப்ட்டில் விபத்துகள் அதிகம் என்பதும் அவருடைய பதிவுகளில் வந்தது. இது நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. அதுவும் வெடிமருந்துத் தொழிலில்.

உராய்வு... யாருடைய கை?

பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளில் ஒரு வரி மாறாமல் வரும்: "மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடிவிபத்து நிகழ்ந்தது." தேதியையும் ஊரையும் மட்டும் மாற்றினால் போதும் என்கிற அளவுக்குப் பழகிப்போன வரி.

உராய்வு தானாக நடப்பதில்லை. ஒரு கை கொஞ்சம் கூடுதலாக அழுத்தியிருக்கலாம், சல்லடை நழுவியிருக்கலாம், பாத்திரம் தரையில் இழுபட்டிருக்கலாம். களைத்த தசையின் முக்கியமான குணமே, விசையை ஒரே சீராக வைத்திருக்க முடியாமல் தடுமாறுவதுதான். நடுக்கம் கூடும், எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வும் மங்கும். ஸ்கேட்டருக்கு இது முட்டிக் கோணத்தில் தெரிகிறது. மருந்து செலுத்துபவருக்கு விரலில் தெரியும். அதை எழுதும் இடம் எந்த விபத்துச் செய்தியிலும் இல்லை. அந்தக் கை அன்றைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்திருந்தது? கடைசியாக விடுமுறை எடுத்தது எப்போது?

எல்லாவற்றையும் களைப்பின் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதும் உண்மை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 38-க்கும் குறையாத உயிர்களைப் பறித்த விபத்து, தீபாவளிக்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு, உற்பத்தி உச்சத்தில் இருந்தபோது நடந்தது. ஆனால் முதல் வெடிப்புக்குப் பிறகு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்தவர்களும் அதில் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது அது தீபாவளி சீசனே இல்லை. உள்குத்தகை, அறைக்கு அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிய ஆட்கள் என்ற பழைய புகார்கள்தான் அப்போது முன்னால் வந்தன. களைப்பு இந்த வரிசையில் இன்னொரு காரணம். ஆனால் மற்ற காரணங்களுக்கெல்லாம் விதியும் ஆய்வும் அபராதமும் இருக்க, இது ஒன்றுக்கு மட்டும் பேர்கூட இல்லை.

வெயிலைப் பற்றி ஆலைகளுக்குத் தெரியும். மருந்துக் கலவை வேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்பது இந்த வட்டாரத்தின் பழக்கப்பட்ட எச்சரிக்கை. மருந்துக்கு வெயில் ஆகாது என்று கவனமாக இருக்கும் அதே இடத்தில், மனிதத் தசைக்கும் மதியம் மூன்று மணி ஆகாது என்று யாரும் சொல்வதில்லை.

களைப்பு ஆலை கேட்டில் தொடங்குவதும் இல்லை. விடியும் முன்னே எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, கிராமத்துக்கு வரும் கம்பெனி வேனைப் பிடிக்கும் பெண்ணுக்கு, ரப்பர் விரிப்பில் உட்காரும்போதே ஒரு ஷிஃப்ட் முடிந்திருக்கும். பிறகு தரையில் அமர்ந்து முன்னால் குனிந்த நிலை. கால் அசையாது, கழுத்தும் தோளும் இடுப்பும் விறைத்தபடி இருக்கும். தசை நீண்ட நேரம் விறைத்திருந்தால் ரத்த ஓட்டம் குறையும் என்று மேலே பார்த்தோமே, அதே கதைதான். ஸ்கேட்டருக்குத் தொடையில் நிமிடங்களில் நடப்பது, இங்கே தோளிலும் இடுப்பிலும் மணிக்கணக்கில் நடக்கிறது.

பீஸ் ரேட் இருக்கும்வரை?

ஆலைக்குள் சென்சார் போகாது, சரி. ஆனால் கேட்டுக்கு வெளியே கைப்பிடி வலுமானியை வைக்கலாம். ஹைட்ராலிக்கில் இயங்கும் அந்தக் கருவிக்கு பேட்டரியே வேண்டாம். வேலைக்கு நுழையும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை இறுகப் பிடித்தால் போதும். கூடவே அந்த ஒற்றைக் கேள்வி. விருதுநகர் மாவட்டத்தில் மெப்கோ ஷ்லெங்க், கலசலிங்கம் என்று பொறியியல் கல்வி நிறுவனங்களுக்குக் குறைவில்லை, சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ஒரு சீசன் முழுக்க அளந்து பார்க்கப் பெரிய பட்ஜெட் தேவைப்படாது.

சிக்கல் கருவியில் இல்லை, கூலியில் இருக்கிறது. பட்டாசு வேலையில் பெரும்பகுதி எண்ணிக்கைக்குக் கூலி. நிமிர்ந்து உட்கார்ந்து தோளைத் தளர்த்தும் ஒவ்வொரு நிமிடமும் காசு குறைகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு, டெல்லி மாதிரியான இடங்களின் தடைகளும் சேர்ந்து, வேலை கிடைக்கும் நாட்களே நிச்சயம் இல்லை என்றாகிவிட்டது. கிடைக்கும் மாதங்களில் முடிந்த அளவு சம்பாதித்துவிட வேண்டும் என்று தொழிலாளியே நினைப்பதில் தப்பு என்ன இருக்கு? "உனக்குக் களைப்பு 8, போய் உட்காரு" என்று சொன்னால் மறுநாளிலிருந்து எல்லோரும் 3 என்றுதான் சொல்வார்கள்.

விளையாட்டிலும் இந்தப் பொய் உண்டு. அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்ற பயம் வந்தால் வீரரும் குறைத்துத்தான் சொல்வார். அதனால் நல்ல பயிற்சியாளர்கள் அந்த எண்ணை வீரரைத் தண்டிக்கப் பயன்படுத்துவதில்லை. அட்டவணையை மாற்றத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆலையிலும் அந்த எண் போர்மேன் கைக்கோ முதலாளி கைக்கோ பெயரோடு போகக் கூடாது. "கை வலு குறைஞ்சவங்களை நிறுத்திரு" என்று ஆள் குறைப்புப் பட்டியலாக அது மாற ஒரு வாரம் போதும். பெயர் இல்லாமல், அறை வாரியாக, வார வாரியாக, தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கையில் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாக வேலை கூடாது, நடுவே குறைந்தது அரை மணி நேர இடைவேளை என்று வரையறுத்தது. அந்தக் கணக்கு எந்தத் தொழிலுக்கும் பொதுவானது. தமிழகத்தில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா பேரவையில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. அப்போது நடந்த விவாதத்தில் எத்தனை மணி நேரம் என்பதுதான் பேச்சாக இருந்தது. எந்த வேலையில், எந்த நிலையில் உட்கார்ந்து, எத்தனை மணி நேரம் என்பது பேச்சில் வரவே இல்லை.

மருந்து செலுத்தும் அறைகளுக்காவது, தீபாவளிக்கு முந்தைய எட்டு வாரங்களில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் எழுந்து வெளியே வரும் இடைவேளையைக் கட்டாயமாக்கலாம். அந்தப் பத்து நிமிடத்துக்கு அன்றைய சராசரி பீஸ் ரேட்டை ஆலை தர வேண்டும். இல்லாவிட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு இப்படி மூன்று இடைவேளை என்றால் மொத்தம் அரை மணி நேரக் கூலி. தொழிற்சங்கங்களும் உரிமையாளர்களும் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, இந்த அரை மணி நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதையும் சேர்த்துப் பேசலாம்.